துப்பாக்கி கிடைத்த தீவும் தகடு கிடைத்த மலையும்

போன மாதம் என் மகள் பள்ளி ஆண்டுவிழாவுக்காக ஒரு நாடகம் எழுத ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா போகும் விமானம் கடலில் விழுகிறது. பிழைத்த பன்னிரண்டு பேர் ஆளில்லாத ஒரு தீவில் கரையேறுகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் இருந்தது. தலைவன் உயரமானவன், பலசாலி, கையில் விமானியின் துப்பாக்கி. இரண்டாம் காட்சியிலேயே கோஷ்டி பிரிந்து அடிதடி.

"வந்து இறங்கினதும் ஏன்டி சண்டை?" என்று கேட்டேன்.

"அப்படித்தானேம்மா நடக்கும்? போலீஸ் இல்ல, டீச்சர் இல்ல. யார்கிட்ட துப்பாக்கி இருக்கோ அவங்க சொல்றதுதான்."

பன்னிரண்டு வயதில் இவ்வளவு உறுதியாக ஒரு பிள்ளை இதைச் சொன்னது என்னை என்னவோ செய்தது. கரை ஒதுங்கியவர்களின் கதைகளை நான் கல்லூரி நாட்களிலிருந்து தேடித்தேடிப் படித்து வருகிறேன். கற்பனையை அல்ல, உண்மையில் நடந்ததை. அவள் சொன்னது தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அது அப்படியே நடந்த தீவு ஒன்று இருக்கிறது. அப்புறம் அதற்கு நேர்மாறாக நடந்த இடங்களும் இருக்கின்றன. நாலைந்து இரவுகள் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளையிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

பசிபிக் கடலில், சைப்பான் தீவுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் அனதஹான் என்று ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே ஒன்பது கிலோமீட்டர் நீளம்தான். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944 ஜூனில், அந்தப் பக்கமாகப் போன ஜப்பானியக் கப்பல்களை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. தப்பிய மாலுமிகளும் சிப்பாய்களுமாக முப்பது பேர் போல நீந்திக் கரையேறினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ள ஒகினாவாவைச் சேர்ந்த ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வேறு தீவுக்குப் போன கணவன் திரும்பிவராததால் அங்கேயே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணும் இருந்தாள். முப்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்.

முதலில் எல்லாம் ஒரு ஒழுங்கில்தான் போனது. தேங்காய், சேப்பங்கிழங்கு, மீன், பல்லி, ஓணான் என்று கிடைத்ததைத் தின்றார்கள். கள் இறக்கிக் குடித்தார்கள். பப்பாளி இலையைக் காயவைத்துப் புகைத்தார்கள். ராணுவப் பதவி வரிசை கொஞ்ச நாள் தாங்கியது.

1945 ஜனவரியில், ஜப்பானின் நகோயா நகர்மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய ஒரு அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் அந்தத் தீவின் மலைமேல் விழுந்தது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனால் தீவில் இருந்தவர்களுக்கு அந்தச் சிதைவு ஒரு பெரிய கடையே திறந்த மாதிரி. அலுமினியத்தை வெட்டிக் கத்தியும் சட்டியும் செய்தார்கள், கூரை வேய்ந்தார்கள். பாராசூட்டின் நைலான் துணியானது, கயிறு தூண்டில் நூலானது. ஆக்சிஜன் சிலிண்டர்களில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். இவற்றோடு கைத்துப்பாக்கிகளும் கிடைத்தன.

அதன் பிறகு நடந்ததைத்தான் என் மகள் நோட்டில் எழுதியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவர் அந்தப் பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லிக்கொண்டார். அவர் சாக, துப்பாக்கி கைமாறியது. அதோடு அந்தப் பெண்ணும் 'கைமாறினாள்'. எத்தனை பேர் கொலையால் செத்தார்கள், எத்தனை பேர் கடலில் தவறி விழுந்தார்கள் என்பதில் பிழைத்துவந்தவர்களே ஒரே மாதிரி சொல்லவில்லை. ஏழு வருடத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் பலர் கத்தியாலும் துப்பாக்கியாலும் செத்தார்கள் என்பதுவரை உறுதி. கடைசியில் மூத்தவர்கள் கூடிப் பேசித் துப்பாக்கிகளைக் கடலில் எறியச் செய்தார்கள். அப்போதும் சாவு நிற்கவில்லை. அப்போது அவர்கள் கண்டுபிடித்த காரணம், அந்தப் பெண்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பது. அவளைக் கொன்றுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது ஒருவர் ரகசியமாக வந்து எச்சரித்தார். அவள் ஒரு மாதத்துக்கும் மேல் காட்டில் ஒளிந்திருந்து, 1950-இல் அந்தப் பக்கம் வந்த அமெரிக்கக் கப்பலுக்குச் சைகை காட்டித் தப்பினாள்.

ஊர் திரும்பியதும் பத்திரிகைகள் அவளுக்கு வைத்த பெயர் 'அனதஹானின் ராணி'. அந்தப் பட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தத் தீவிலேயே கையில் எந்த அதிகாரமும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். எங்கே தூங்குவது, யாரோடு இருப்பது, நாளைக்கு உயிரோடு இருப்பதா என்பதுகூட அவள் கையில் இல்லை. பயந்து பயந்து வாழ்ந்த ஒருத்தியை ராணி என்று அழைத்தது அவளுக்கு இரண்டாவது முறை நடந்த கொடுமை.

துப்பாக்கி வைத்திருந்தவர்களும் நன்றாக ஆண்டுவிடவில்லை. துப்பாக்கி உள்ளவனுக்கு இரவில் தூக்கம் இல்லை. தூங்கினால் எடுத்துவிடுவார்கள். அந்த ஆயுதம் யாருக்கும் ஒரு தேங்காய் கூட அதிகமாகத் தரவில்லை. அதைக் கொண்டு ஒரு பொட்டுத் தண்ணீர் பிடிக்க முடியாது. சிதைவிலிருந்து எடுத்த பொருட்களில் உயிர் பிழைக்க உதவாத ஒரே பொருள் அதுதான், எல்லாரும் அடித்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

இரண்டாம் இரவு இதை முடித்தபோது மகள், "பாத்தியா, நான் சொன்னது சரிதானே?" என்றாள். சரி, இன்னொரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன் கேள் என்றேன்.

அது தீவில் விழவில்லை. ஆனால் நடுக்கடலுக்கும் அந்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 1972 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. உருகுவே விமானப்படையின் ஒரு விமானம் அர்ஜென்டினாவின் மெந்தோசாவிலிருந்து கிளம்பி ஆண்டிஸ் மலையைக் கடந்து சிலியின் சாந்தியாகோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 45 பேர். பெரும்பாலோர் உருகுவே தலைநகர் மொந்தெவிதேயோவின் ஓல்ட் கிறிஸ்டியன்ஸ் ரக்பி அணிப் பையன்கள், அவர்களுடைய நண்பர்கள், உறவினர்கள். மலையைத் தாண்டிவிட்டோம் என்று தவறாகக் கணித்து விமானத்தைக் கீழே இறக்கினார்கள். சிகரத்தில் மோதி இறக்கைகளும் வாலும் போய்விட, உடல் பகுதி மட்டும் பனிமேல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. சுமார் 3,500 மீட்டர் உயரம். சுற்றிலும் பனி, பாறை. ஒரு புல் கிடையாது, ஒரு பூச்சி கிடையாது. தீவென்றால் மீனாவது கிடைத்திருக்கும்.

பிழைத்தவர்களில் அணித்தலைவன் மார்சேலோ பெரெஸ் இருந்தான். மைதானத்தில் யார் தலைவனோ அவனே அங்கும் தலைவன் ஆனான், யாரும் கேள்வி கேட்கவில்லை. முதல் இரவே உடைந்து கிடந்த பின்பக்கத்தைப் பெட்டிகளையும் இருக்கைகளையும் அடுக்கி அடைக்கச் செய்தான். காயம்பட்டவர்களைக் கவனிக்க ஒரு குழு, உள்ளே சுத்தம் செய்ய ஒரு குழு, தண்ணீருக்கு ஒரு குழு என்று பிரித்தான். இருந்த கொஞ்சம் சாக்லேட்டையும் மதுவையும் மூடியால் அளந்து கொடுத்தான். நாண்டோ பராடோ என்ற இளைஞர், சாக்லேட் பூசிய ஒரே ஒரு வேர்க்கடலையை மூன்று நாள் வைத்துத் தின்றதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். முதல் நாள் மேலிருந்த சாக்லேட், இரண்டாம் நாள் ஒரு பருப்பு, மூன்றாம் நாள் மற்றது. என் மகள் இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

மார்சேலோவின் அதிகாரம் ஒரு நம்பிக்கைமேல் நின்றது. "தேடி வருவார்கள், பொறுத்திருங்கள்" என்பதுதான் அவன் எல்லோருக்கும் சொன்னது. பத்து நாள் கழித்து, ஒரு சின்ன டிரான்சிஸ்டரில், தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டார்கள். அவன் இடிந்து போனான். இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததே அவன்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை, யாரும் ஓட்டெடுக்கவில்லை. அவன் வார்த்தையைத் தாங்கிக்கொண்டிருந்த கம்பு முறிந்துவிட்டது, அவ்வளவுதான். அதே செய்தியை வேறொரு பையன், இனி நாமேதான் இங்கிருந்து வெளியேற வேண்டும், அது நல்லதுதான் என்ற விதமாக மற்றவர்களிடம் போய்ச் சொன்னான்.

அக்டோபர் 29 இரவு பனிச்சரிவு வந்தது. எல்லோரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது விமானத்தின் உடலைப் பனி நிரப்பியது. எட்டுப் பேர் இறந்தார்கள். மார்சேலோவும் அதில் ஒருவன். மிஞ்சியது பத்தொன்பது பேர்.

அதன் பிறகு யார் தலைவர்? இதைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஃபிட்டோ ஸ்ட்ராவுச், எடுவார்தோ ஸ்ட்ராவுச், டானியேல் ஃபெர்னாண்டஸ் என்று மூன்று பேர். ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். யாரும் இவர்களைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் நாட்களிலேயே தாகம் எல்லோரையும் வாட்டியபோது, இருக்கையின் பின்புறத்திலிருந்து ஒரு அலுமினியத் தகட்டை உருவி, வளைத்து, அதில் பனியைப் போட்டு வெயிலில் சாய்த்து வைத்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும் என்று கண்டுபிடித்தவர் ஃபிட்டோ. பனியில் கால் புதையாமல் நடக்க இருக்கை மெத்தையைக் காலில் கட்டலாம் என்று சொன்னவரும் அவர். அந்தத் தகட்டிலிருந்து வந்த தண்ணீர் எல்லோர் தொண்டையிலும் இறங்கியிருந்தது. அதனால் அவர் சொன்னால் கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. பத்தாம் நாள் வாக்கில் சாப்பிட எதுவுமே இல்லாமல் போனது. இறந்தவர்களின் உடல்களை உண்பதா, சாவதா என்ற நிலை. மருத்துவ மாணவராக இருந்த ரொபெர்டோ கனேஸ்ஸா அதை முதலில் வெளிப்படையாகப் பேசியவர்களில் ஒருவர். நான் செத்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். செத்தவர்களில் பலர் அவர்களுடைய நண்பர்கள். அந்த வெட்டும் வேலையை அந்த மூன்று உறவினர்கள்தான் தங்கள் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அந்தப் பாரத்தைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். பங்கு பிரித்ததும் அவர்களே. பராடோவின் தாயும் தங்கையும் அங்கேதான் இறந்தார்கள். அவர்களைத் தொடுவதில்லை என்று மற்றவர்கள் அவருக்கு உறுதி சொன்னார்கள். இந்தப் பகுதியை மகளிடம் நான் சொல்லவில்லை. பெரியவளானதும் அவளே படித்துக்கொள்வாள்.

யாரும் செய்ய விரும்பாத வேலையைச் செய்தவர்களிடம் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் எழுந்து வேலையைப் பார்க்கும் அந்த ஒரு சித்தியோ பெரியப்பாவோ என் நினைவுக்கு வருகிறார்கள். அந்த நாளில் வீடு முழுக்க அவர்கள் சொல்வதைத்தான் கேட்கும்.

அந்த மலையிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. துணை விமானி விமானத்தின் கருவிப் பலகைகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தார். வலி தாங்காமல் தன் கைத்துப்பாக்கியை எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினார். பையன்கள் கொடுக்கவில்லை. அவர் மறுநாள் காலைக்குள் இறந்துவிட்டார். அதன் பிறகு அந்தத் துப்பாக்கியைக் காட்டி யாரும் யாரையும் மிரட்டியதாக, பிழைத்தவர்கள் சொன்னவற்றில் எங்கேயும் நான் படித்ததில்லை. அவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. சண்டை போட்டார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள், வேலை செய்யாமல் படுத்திருப்பவர்கள்மேல் எரிந்து விழுந்தார்கள். இடத்துக்காகவும் போர்வைக்காகவும் இரவெல்லாம் முணுமுணுத்தார்கள். கனேஸ்ஸா பிடிவாதக்காரர், அவரோடு மோதாதவர் குறைவு.

மலையைக் கடந்து உதவி தேடிப்போக ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். போகப்போகிறவர்களுக்கு உணவில் கூடுதல் பங்கு, நல்ல உடுப்பு, கதகதப்பான படுக்கை இடம், அன்றாட வேலையிலிருந்து விடுதலை. பட்டினி கிடக்கும் கூட்டம் தன் வாயிலிருந்து எடுத்து மூன்று பேருக்குக் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு மேல்சாதி உருவான மாதிரித் தெரியும். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு விலை இருந்தது: நீ போயாக வேண்டும். கனேஸ்ஸா இன்னும் கொஞ்சம் வெயில் வரட்டும் என்று தள்ளிப்போட்டபோது மற்றவர்கள் பொறுமை இழந்தார்கள், ஏனென்றால் அவர் சாப்பிட்டது அவர்களுடைய பங்கை. வால் பகுதியில் கிடைத்த, குளிர் தாங்கும் காப்புத் துணியை எல்லோருமாக ஊசி நூல் கொண்டு தைத்து, மூன்று பேர் தூங்கக்கூடிய ஒரு உறைப்பையை ஆக்கினார்கள். டிசம்பர் 11-இல் இன்னொரு நண்பன் இறந்தான். மறுநாள் பராடோ, கனேஸ்ஸா, அந்தோனியோ விசிந்தின் மூவரும் மேற்கே ஏறத் தொடங்கினார்கள்.

ஏறிய மூன்றாம் நாள் உச்சியில் நின்று பார்த்தபோது, கீழே சிலியின் பச்சைப் பள்ளத்தாக்கு இருக்கும் என்று நினைத்த இடத்தில் கண்ணுக்கெட்டிய வரை மலைகள்தான். மூன்று பேருக்கும் உணவு போதாது. விசிந்தின் தன் பங்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மூன்று நாள் ஏறிவந்த சரிவை ஒரு இருக்கைமேல் உட்கார்ந்து சறுக்கியே இறங்கி விமானத்துக்குத் திரும்பினார். மற்ற இருவரும் மொத்தம் பத்து நாள் நடந்து, ஆற்றுக்கு அக்கரையில் செர்ஹியோ கத்தலான் என்ற கோவேறுகழுதைக்காரரைக் கண்டார்கள். அவர் காகிதத்தையும் பென்சிலையும் கல்லில் கட்டி எறிந்தார், அப்புறம் ரொட்டி எறிந்தார். 72 நாட்களுக்குப் பிறகு 16 பேர் வீடு திரும்பினார்கள். அந்த ஓட்டை விமானத்திலிருந்து கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டரில், அப்போது மூடிக்கிடந்த ஒரு விடுதி இருந்தது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று சாகும்போதும் துணை விமானி சொன்னதை நம்பி எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

"அப்போ யாரு தலைவர்னு ஒரு ஆளையே வைக்க முடியாதா?" என்றாள் மகள், கடைசி இரவு. நாடகத்துக்கு அது வேண்டுமாம். அதற்காக விமானமே இல்லாத ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

1864 ஜனவரி 3 அன்று, நியூசிலாந்துக்குத் தெற்கே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஆக்லாந்து தீவில் கிராஃப்டன் என்ற சின்னக் கப்பல் பாறையில் மோதியது. ஐந்து பேரும் கரையேறினார்கள். கொஞ்ச நாளில் உரசல் வந்தது. அவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா ரெனால் ஒரு யோசனை சொன்னார். நமக்கு ஒருவர் வேண்டும், எஜமானாக அல்ல, குடும்பத்துக்கு மூத்தவர் மாதிரி. சண்டையைத் தீர்க்க வேண்டும், வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஆனால் அவர் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் மற்றவர்கள் ஓட்டுப்போட்டு அவரை இறக்கிவிடலாம். அதை கேப்டனின் பைபிளில் இருந்த வெற்றுத் தாளில் எழுதிவைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசித்தார்கள். கேப்டன் தாமஸ் மஸ்கிரேவையே தேர்ந்தெடுத்தார்கள். மாலை நேரங்களில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ரெனால் ஒருமுறை சீட்டுக்கட்டு செய்தார். தோற்றால் மஸ்கிரேவுக்குக் கோபம் வருகிறது என்று கண்டதும் அதை அவரே அழித்துவிட்டார்.

அதே ஆண்டு மே மாதம், அதே தீவின் வடக்கே இன்வர்கால்ட் என்ற கப்பல் உடைந்தது. பத்தொன்பது பேர் கரையேறினார்கள். இரு கூட்டத்துக்கும் மற்றவர் இருப்பது தெரியாது. ஒரு வருடம் கழித்து அந்தப் பத்தொன்பதில் மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் கேப்டன், ஒருவர் துணை அதிகாரி. மூன்றாமவர் ராபர்ட் ஹோல்டிங், சாதாரண மாலுமி. தீ மூட்டியது, உணவு தேடியது, வழி கண்டது எல்லாம் பெரும்பாலும் அவர்தான். ஆனாலும் பதவி, பதவியாகவே இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கிராஃப்டன்காரர்களுக்கு உடைந்த கப்பல் கரையோரமாகவே கிடந்தது. பாய்மரத் துணி, கருவிகள், ஒரு துப்பாக்கிகூட இருந்தது, அதைப் பறவை சுட வைத்துக்கொண்டார்கள். இன்வர்கால்ட்காரர்களுக்கு உடுத்திய துணியைத் தவிர அநேகமாக எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தலைமையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

1865 ஜூலையில் மஸ்கிரேவும் ரெனாலும் இன்னொருவரும் சின்னப் படகில் கடலில் இறங்கினார்கள். அதில் மூன்று பேருக்குத்தான் இடம். ஐந்து நாளில் நியூசிலாந்தின் ஸ்டீவர்ட் தீவை அடைந்தார்கள். மஸ்கிரேவ் அங்கே ஓய்வெடுக்கவில்லை. விட்டுவந்த இருவரையும் கூட்டிவரத் தானே வேறொரு படகில் திரும்பப் போனார்.

போய்ப் பார்த்தால் இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் மற்ற மூவரும் போன சில வாரங்களிலேயே அவர்களுக்குள் பேச்சு முற்றி, இனி சேர்ந்து இருக்க முடியாது, தீவில் ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். இருபது மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

மகள் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தாள். தலைவனின் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 'துப்பாக்கி'யை அடித்துவிட்டு, "அந்த ரெண்டு பேரும் எதுக்கும்மா சண்டை போட்டாங்க?" என்று கேட்டாள்.